“இருக்குன்னும் எழுதலை... இல்லைன்னும் எழுதலை!” - தொண்டை பயாப்சி ரிப்போர்ட் என்னதான் சொல்கிறது?

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால், தென்காசி வட்டாரத்தில் குரல் கம்மிப்போவதற்கு யாரும் காரணம் தேடுவதில்லை. சாரல், ஈரக்காற்று, ஐந்தருவியில் ஒரு குளியல், கரையேறியதும் சூடாக ஒரு பஜ்ஜி. “தொண்டை கட்டிருச்சு, சுக்குக் காப்பி குடிச்சா சரியாயிரும்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது.

சீசன் முடிந்து, அருவியில் தண்ணீர் மெலிந்த பிறகும் குரல் திரும்பவில்லை என்றால்தான் சிக்கல். மூன்று வாரம் என்பது கணக்கு. அதற்கு மேலும் குரல் கரகரப்பாகவே இருந்தாலோ, விழுங்கும்போது ஏதோ தடுத்தாலோ, ஒரு பக்கக் காது மட்டும் வலித்தாலோ, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, எச்சிலில் ரத்தம் தெரிந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஸ்கோப் பார்த்துவிட வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை, மது என்று பழக்கம் உள்ளவர்கள் இன்னும் முன்னதாகவே.

இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான். இந்த வாரம் பேசப்போவது அதற்கு அடுத்த கட்டம். ஸ்கோப் பார்த்தாயிற்று. சதை எடுத்தாயிற்று. ரிப்போர்ட்டும் கைக்கு வந்தாயிற்று. ஆனால் அதில் ‘புற்றுநோய்’ என்றும் இல்லை, ‘புற்றுநோய் இல்லை’ என்றும் இல்லை. ‘சஸ்பீஷியஸ்’, ‘ஏடிபிக்கல் செல்ஸ்’, ‘இன்அடிக்வேட்’, ‘கிளினிக்கல் கோரிலேஷன் தேவை’ என்று நடுவில் ஏதோ ஒன்று. அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு வீட்டில் நான்கு பேர் நான்கு விதமாகப் பேசுவார்கள்.

இலஞ்சியிலோ மேலகரத்திலோ ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடப் பீடிப் பழக்கம். மகள் கேட்கிறாள், “எப்பா, டாக்டர் என்ன சொன்னாவ?”

“எடுத்த சதையில ஒண்ணும் இல்லன்னுதான் எழுதியிருக்காவ. பிறவு எதுக்கு இன்னொரு தடவ எடுக்கணுங்காவளோ தெரியல. காசு பிடுங்குத வேலதான்.”

அவர் சொன்னதில் முதல் வாக்கியம் சரி. அதில் உள்ள ‘எடுத்த சதையில’ என்பதுதான் ரிப்போர்ட்டின் உயிர். வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் போனதால் ஒரு பேரரசரின் வீடே தடுமாறிய கதை உண்டு. 135 வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் இன்றைக்கும் மருத்துவர்கள் அதைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ராஜ வைத்தியம், நான்கு பயாப்சி

1887-ம் வருடம், ஜனவரி. ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெடெரிக்குக்குக் குரல் கம்மியது. வயது 55. இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மூத்த மருமகன் அவர். சளி என்றுதான் முதலில் நினைத்தார்கள். மார்ச் மாதம் பேராசிரியர் கெர்ஹார்ட் பார்த்தபோது இடது குரல் நாணில் சின்னதாக ஒரு வளர்ச்சி தெரிந்தது. மின்சாரத்தால் சூடேற்றிய கம்பியால் அதைப் பலமுறை சுட்டுப் பார்த்தார். எரிந்தது, மறுபடி வளர்ந்தது.

மே மாதம் பெர்க்மன் என்ற அறுவை மருத்துவர் வந்தார். அவருக்குப் புற்றுநோய் என்றே பட்டது. குரல்வளையைத் திறந்து வளர்ச்சியை அகற்ற மே 21-ம் தேதி நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள்தான் லண்டனிலிருந்து வந்து சேர்ந்தார் மொரெல் மெக்கன்ஸி. அந்தக் காலத்தில் தொண்டை மருத்துவத்தில் பெரிய பெயர் அவருடையது. “சதையைச் சோதித்துப் பார்க்காமல் இது புற்றுநோய் என்று சொல்ல முடியாது, அறுக்கவும் கூடாது” என்பது அவர் கட்சி. இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால், அது சரியான பேச்சு.

வாய் வழியாகக் கருவியை விட்டுத் துண்டு எடுத்தார். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் சாதாரண ஆள் இல்லை. செல்களை வைத்து நோயைப் படிக்கும் கலையையே வளர்த்தெடுத்த ருடால்ஃப் விர்ஹோ. முதல் துண்டு மிகச் சிறியது. அதில் எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. மீண்டும் எடுத்தார்கள், ஜூன் மாதம் மீண்டும். மேல்தோல் தடித்திருக்கிறது, புற்றுநோய் இல்லை என்பதுதான் விர்ஹோவின் முடிவு. ஜூன் கடைசியில் எடுத்த நான்காவது துண்டிலும் அதே பதில்.

ஆனால் விர்ஹோ தன் அறிக்கையில் இன்னொன்றையும் எழுதியிருந்தார். தன் கைக்கு வந்த துண்டுகளை வைத்துப் பார்த்தால் நல்லபடியாகத் தெரிகிறது. மொத்த நோய்க்கும் இது பொருந்துமா என்பதை இந்தத் துண்டுகளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். அந்தப் பின்பாதி யார் காதிலும் விழவில்லை. விழ வேண்டும் என்று யாரும் விரும்பவும் இல்லை. குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அறுவை சிகிச்சை கைவிடப்பட்டது. ஜூன் 21-ம் தேதி லண்டனில் மாமியாரின் பொன்விழா ஊர்வலத்தில் குதிரை மேல் கம்பீரமாகப் போனார் இளவரசர்.

நவம்பரில், இத்தாலியின் சான் ரெமோவில் ஓய்வில் இருந்தபோது, குரல் நாணுக்குக் கீழே புது வளர்ச்சி தெரிந்தது. இந்தமுறை மெக்கன்ஸியே இது புற்றுநோய் போல இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். 1888 பிப்ரவரி 9-ம் தேதி, மூச்சுவிட முடியாமல் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மார்ச் 9-ம் தேதி தந்தை இறக்க, பேச முடியாத ஒருவர் பேரரசர் ஆனார். 99 நாட்கள்தான். ஜூன் 15-ம் தேதி இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குரல்வளைப் புற்றுநோய் உறுதியானது.

விர்ஹோ தவறிவிட்டாரா? அவர் பார்த்த துண்டில் புற்றுநோய் இல்லாமலேயே இருந்திருக்கலாம். மேலே மரு மாதிரி தடித்து, அடியில் மட்டும் புற்றுநோய் ஊடுருவும் வகை ஒன்று உண்டு. மேலோட்டமாகக் கிள்ளினால் அதில் தடித்த தோல் மட்டும்தான் வரும். பேரரசருக்கு இருந்தது அந்த வகையாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். மே மாதமே அறுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதும் சொல்வதற்கில்லை. அந்தக் காலத்தில் அறுவை மேஜையிலேயே உயிர் போகும் வாய்ப்பு அதிகம்.

ஆக, ரிப்போர்ட்டில் தவறு இல்லை. படித்தவர்கள் பாதியை மட்டும் படித்ததில்தான் கோளாறு.

கண் ஒன்று சொல்கிறது, துண்டு வேறு சொல்கிறது

இப்போது மேலகரம் வீட்டுக்கு வருவோம். தொண்டையில் எடுக்கும் பயாப்சித் துண்டு பல நேரங்களில் அரிசி மணி அளவுதான் இருக்கும். புண்ணின் நடுவில் எடுத்தால் செத்துப்போன திசு மட்டும் வரலாம். ஓரத்தில் மேலாக எடுத்தால் வெறும் அழற்சி. எடுக்கும்போது நசுங்கிப்போனால் செல்லின் அமைப்பே தெரியாது. இந்த மூன்றிலும் நோயியல் மருத்துவர் நேர்மையாக எழுதக்கூடியது ஒன்றுதான்: ‘அனுப்பப்பட்ட திசுவில் புற்றுநோய்க்கான அடையாளம் இல்லை.’

அதைப் படித்துவிட்டு, ஸ்கோப்பில் பார்த்த மருத்துவர் தான் கண்ணால் பார்த்ததோடு ஒப்பிடுவார். ‘கிளினிக்கல் கோரிலேஷன்’ என்று கீழே எழுதியிருப்பது இதைத்தான். வழவழப்பான சின்ன முடிச்சு, ரிப்போர்ட்டிலும் அழற்சி என்றால் இரண்டும் ஒத்துப்போகின்றன, கவலை இல்லை. கரடுமுரடான புண், குரல் நாண் ஒரு பக்கம் அசையவே இல்லை, ரிப்போர்ட் மட்டும் ‘அழற்சி’ என்கிறது என்றால் ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் “இன்னொரு தடவை, கொஞ்சம் ஆழமாக எடுக்கணும்” என்பார். மயக்க மருந்து கொடுத்து, டி.எல்.ஸ்கோப்பி செய்து, பல இடங்களில் எடுப்பார்கள். காசு பிடுங்கும் வேலை என்று அப்பா சொன்னாரே, விர்ஹோவின் பின்பாதியைக் காதில் போட்டுக்கொண்ட மருத்துவர் செய்கிற வேலை அது.

“கத்தி பட்டா பரவிரும், ஊசி குத்தினா கிளறிவிட்ட மாதிரி ஆயிரும்” என்று பக்கத்து வீட்டு அத்தை சொல்வார். தொண்டையில் சதை எடுப்பதால் நோய் பரவுகிறது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. கழுத்துக் கட்டியில் மெல்லிய ஊசி போடுவதாலும் அந்த ஆபத்து மிக மிக அரிது. மருத்துவர்கள் தவிர்க்க நினைப்பது வேறு ஒன்றை. தொண்டைக்குள் ஸ்கோப்பே விடாமல், கழுத்தில் தெரிகிற கட்டியை நேரடியாக அறுத்து எடுத்துவிடுவது. அது பின்னால் வரும் சிகிச்சையைச் சிக்கலாக்கும்.

அந்த வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்?

‘இன்அடிக்வேட்’ என்றால் பார்ப்பதற்குப் போதுமான செல்கள் வரவில்லை. அவ்வளவுதான். அது நல்ல செய்தியும் இல்லை, கெட்ட செய்தியும் இல்லை. பரிசோதனையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மறுபடி செய்ய வேண்டியது. இதைத்தான் நிறைய வீடுகளில் ‘ஒன்றும் இல்லை’ என்று மொழிபெயர்த்துக்கொள்கிறார்கள்.

‘ஏடிபியா’, ‘ஏடிபிக்கல்’ என்றால் செல்கள் வழக்கமான தோற்றத்தில் இல்லை. கடுமையான அழற்சி, தொற்று, முன்பு கொடுத்த கதிர்வீச்சு என்று எதனாலும் செல் அப்படி மாறலாம். ‘சஸ்பீஷியஸ்’ அதைவிட ஒரு படி மேல். நோயியல் மருத்துவருக்குச் சந்தேகம் பலமாக இருக்கிறது, கையெழுத்துப் போடும் அளவுக்கு ஆதாரம் போதவில்லை. இந்தச் சொல் இருந்தால் காத்திருப்பதற்கு இடமில்லை. அதற்காக, இதை மட்டும் வைத்துக் கதிர்வீச்சோ கீமோவோ தொடங்கிவிடவும் மாட்டார்கள்.

‘டிஸ்பிளேசியா’ என்பது இன்னொரு குடும்பம். மேல்தோல் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, ஆனால் அடித்தளத்தைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. மைல்ட், மாடரேட், சிவியர் என்று படிகள் உண்டு. மைல்ட் உள்ள எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை; பழக்கத்தை நிறுத்தினால் சிலருக்குத் திரும்பிச் சரியாவதும் உண்டு. சிவியர் என்றாலோ, ‘கார்சினோமா இன் சிட்டு’ என்றாலோ அந்தப் பகுதியை முழுவதுமாக அகற்றிப் பார்ப்பார்கள். பக்கத்திலேயே முழுப் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்பதும் அதற்கு ஒரு காரணம். இந்தப் படிகளைப் பிரிப்பதில் அனுபவமுள்ள இரண்டு நோயியல் மருத்துவர்களே வேறுபடுவார்கள். ஒருவர் மைல்ட் என்பதை இன்னொருவர் மாடரேட் என்று எழுதினால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை.

‘கிரானுலோமா’ என்று வந்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். டி.பி நுரையீரலில் மட்டும் வருவதில்லை. கழுத்து நெறிகட்டியிலும் வரும், குரல்வளையிலும் வரும். குரல்வளை டி.பி, ஸ்கோப்பில் பார்க்கும்போது புற்றுநோயைப் போலவே தெரியும். சில தொற்றுகளில் தோல் செல்கள் புற்றுநோயைப் போலப் பெருகிக் காட்டும் தோற்ற மயக்கமும் உண்டு. சந்தேகம் என்பது எப்போதும் கெட்ட பக்கமே சாயும் என்று நினைக்கத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாத்திரையில் குணமாகும் நோயாகவும் அது முடியலாம்.

சில ரிப்போர்ட்டுகளில் ‘ஐ.எச்.சி தேவை’ என்று இருக்கும். அதே சதையில் வேறு சாயங்களை ஏற்றிப் பார்க்கும் பரிசோதனை. கூடுதலாகச் சில நாட்கள் ஆகும், பெரும்பாலும் மறுபடி சதை எடுக்க வேண்டியதில்லை. இதில் ‘பி16’ என்று ஒன்று வரும். எச்.பி.வி வைரஸோடு தொடர்புள்ள தொண்டைப் புற்றுநோயா என்று கண்டுபிடிக்க உதவுவது.

கழுத்துக் கட்டி தனிக் கதை

கழுத்தில் கட்டி, தொண்டையில் எதுவும் தெரியவில்லை என்று வருபவர்களுக்கு முதலில் எஃப்.என்.ஏ.சி செய்வார்கள். மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்ப்பது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 40 வயதைத் தாண்டியவருக்குக் கழுத்தில் நீர்க்கட்டி மாதிரி ஒன்று வந்து, ஊசியில் வெறும் நீர் மட்டும் வந்தால், ‘சாதாரண நீர்க்கட்டி’ என்று விட்டுவிடக் கூடாது. டான்சிலிலோ நாக்கின் அடிப்பகுதியிலோ உள்ள புற்றுநோய் கழுத்துக்குப் பரவும்போது நீர்க்கட்டி போலத் தோன்றுவது உண்டு. ஸ்கேன் உதவியோடு கட்டியின் சுவரிலிருந்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கட்டியில் புற்றுநோய் உறுதியாகிவிடும், அது எங்கே தொடங்கியது என்று தெரியாது. அப்போது டான்சிலையே எடுத்துச் சோதிப்பார்கள். “தொண்டையில ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு டான்சிலை எடுக்காவளே” என்று வீட்டில் குழம்புவது இந்த இடத்தில்தான்.

ஸ்கேனில் ‘ஒளிர்ந்தால்’ புற்றுநோயா?

சி.டி ஸ்கேன் நார்மல் என்றால் தொண்டையில் எதுவும் இல்லை என்று ஆகாது. மேல்தோலில் மட்டும் இருக்கும் சின்ன மாற்றம் சி.டி-யில் தெரியாமல் போகலாம், ஸ்கோப்பில்தான் தெரியும். பல்லில் உலோகம் அடைத்திருந்தால் அதன் நிழல் படத்தைக் கெடுக்கும். முடிந்தவரை ஸ்கேனை முதலில் எடுத்துவிட்டு பயாப்சிக்குப் போவது நல்லது. சதை எடுத்த பிறகு வரும் வீக்கம் ஸ்கேனில் நோயைப் போலவே தெரியும்.

பெட்-சி.டி இன்னும் சுவாரஸ்யம். உடம்பில் ஏற்றும் சர்க்கரை போன்ற பொருளை எந்த இடம் அதிகம் உறிஞ்சுகிறதோ அந்த இடம் ஒளிரும். புற்றுநோய் உறிஞ்சும். காசநோயும் உறிஞ்சும், அழற்சியும் உறிஞ்சும். ஊசி போட்ட பிறகு நோயாளி பேசிக்கொண்டே இருந்தால் குரல் நாண் தசைகள்கூட உறிஞ்சி ஒளிரும். அதனால்தான் “பேசாம படுத்திருங்க” என்கிறார்கள். ஒரு பக்கக் குரல் நாண் செயலிழந்தவருக்கு, வேலை செய்கிற நல்ல நாண்தான் பளிச்சென்று தெரியும்! ரிப்போர்ட்டில் உள்ள ‘எஸ்.யு.வி’ எண்ணை மட்டும் இணையத்தில் தேடி விடிய விடியப் பயப்படுவதில் பயனில்லை.

ஏற்கெனவே கதிர்வீச்சு முடித்தவர்களுக்கு இந்தக் குழப்பம் இரட்டிப்பு. கதிர்வீச்சின் புண்ணும் வீக்கமும் ஆற வேண்டும். அதனால்தான் பொதுவாகச் சுமார் 12 வாரம் கழித்துப் பெட்-சி.டி எடுக்கச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு முன்னால் எடுத்தால் இன்னொரு ‘சந்தேகம்’ வந்து சேரும்.

ரத்தப் பரிசோதனை? அதை மட்டும் வைத்துத் தொண்டைப் புற்றுநோயை இங்கே உறுதி செய்வதில்லை. ‘கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ விளம்பரங்களைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

தென்காசியிலிருந்து எங்கே?

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைமை மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. அடுத்த கட்டத்துக்குப் பலரும் போவது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. ஊர்க்காரர்கள் வாயில் ‘ஹைகிரவுண்ட்’. இன்னொரு கூட்டம் செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் வழியாக மலையைத் தாண்டி, 1981-ல் தொடங்கிய திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறது. சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954 முதல் இருக்கிறது.

எங்கே போனாலும் கையில் எடுத்துப்போக வேண்டியது ரிப்போர்ட் காகிதம் மட்டும் இல்லை. பயாப்சி செய்த இடத்தில் உங்கள் சதையை மெழுகில் பதித்து ‘பிளாக்’ ஆகவும், கண்ணாடியில் ஒட்டி ‘ஸ்லைடு’ ஆகவும் வைத்திருப்பார்கள். அதை எழுதிக் கேட்டு வாங்கலாம். இரண்டாவது மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான். அதே சதையை வேறொரு நோயியல் மருத்துவர் பார்த்ததும் ‘சந்தேகம்’ விலகிப்போவது சகஜம். இதற்கு முதல் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று தயங்கத் தேவையில்லை. அவர்களுக்கு இது அன்றாட வேலை. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சி.டி-யையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் கேட்பதற்கு நீளமான பட்டியல் வேண்டாம். “நீங்க ஸ்கோப்ல பார்த்ததும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகுதா சார்?” என்ற ஒரு கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். ‘இல்லை’ என்றால், “அடுத்து என்ன, எந்தத் தேதியில?” என்பது இரண்டாவது. தேதி முக்கியம். “கொஞ்ச நாள் கழிச்சு வாங்க” என்பது வீட்டுக்கு வந்ததும் கோயில் கொடைக்குப் பிறகு, கல்யாணத்துக்குப் பிறகு என்று நீண்டுவிடும்.

அந்த இடைவெளியில்தான் குற்றாலத்து மூலிகைக் கடையும் வரும். அதிமதுரம், சித்தரத்தை, ஆடாதோடை எல்லாம் தொண்டைக்கு இதமானவை என்பதில் சண்டை இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையும் வீக்கத்தைக் கொஞ்ச நாள் குறைக்கும். இரண்டிலும் குரல் தெளிந்துவிட்டால், மறு பயாப்சி தேதியைத் தள்ளிப்போடத் தோன்றும். குரல் தெளிவது வேறு, ஸ்கோப்பில் அந்தப் புண் மறைவது வேறு. தேதியில் போய்ப் பார்த்துவிட்டு, புண் மறைந்திருந்தால் மருத்துவரே மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார். மறையாமல் இருந்து, நோய் ஆரம்ப நிலையிலேயே தெரிந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. குரல் நாணோடு நிற்கும் ஆரம்பப் புற்றுநோயைக் கதிர்வீச்சிலோ லேசரிலோ, குரல்வளையை எடுக்காமலே பெரும்பாலோருக்குக் குணமாக்க முடிகிறது.

செலவு பற்றி: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடம் உண்டு. கார்டு இருக்கிறதா, பெயர் சேர்ந்திருக்கிறதா என்பதை ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே பார்த்துவிடலாம். மருத்துவ ஆலோசனைக்கு 104. பீடியை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. இதற்கு ரிப்போர்ட் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.